ஆயிரத்து ஆறாம் எண்

சர்வர் அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவரில் ஒருவர், பயனர் பட்டியலில் ஆயிரத்து ஆறு என்ற எண் சும்மா கிடக்கிறதே, அதற்குரியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டாரே, அதைப் புதிய ஆளுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்றுப் போன அந்த ஆள் நான்தான். கேள்வி நியாயமானது. பதிலை ஒரே வரியில் சொல்லிவிடலாம், ஆனால் அந்த ஒரு வரி உங்கள் மனதில் நிற்காது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன். கட்டளைகளை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது பெரும்பாலும் என் வயிற்றெரிச்சலைப் பற்றி.

நம் ஆய்வுக்கூடம் முதலில் கடலூரில் மட்டும்தான் இருந்தது. காடாம்புலியூர் முந்திரித் தோப்பு மண், அண்ணாகிராமத்துப் பலாத் தோப்புக் கிணற்றுத் தண்ணீர், இப்படி வந்ததைப் பரிசோதித்துக் கொடுப்போம். நான் அங்கே சேர்ந்தபோது சர்வரில் என் எண் ஆயிரத்து ஆறு. பிறகு சிதம்பரத்தில் தலைமை அலுவலகம் வந்தது. அங்கே சர்வரை நிறுவியவன் நானே. வீடு கட்டியவன் முன்னறையை எடுத்துக்கொள்வது போல அங்கே முதல் எண்ணை, ஆயிரத்து ஒன்றை, எனக்கு வைத்துக்கொண்டேன். கடலூர்ப் பட்டியலும் சிதம்பரம் பட்டியலும் வேறு வேறாகவே வளர்ந்தன. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, நானும் படவில்லை.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கோப்பின்மேல் எழுதியிருப்பது ஆளின் பெயர் இல்லை, எண் மட்டும். அந்த எண்ணுக்கு யார் பெயரைக் காட்டுவது என்பதை, நீங்கள் எந்த சர்வரில் உட்கார்ந்து பார்க்கிறீர்களோ அந்த சர்வரின் பட்டியல்தான் முடிவு செய்யும். சிதம்பரம் கோயிலில் கீழ சன்னதியில் செருப்பை விட்டு டோக்கன் வாங்கிக்கொண்டு, மறதியாகத் தெற்கு சன்னதி ஸ்டாண்டில் போய் நீட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் எண் சரியாகத்தான் இருக்கும். கைக்கு வருவது வேறொருவர் செருப்பு.

இனி என் மச்சானுக்கு வருகிறேன். பிலவேந்திரன், என் மனைவி லீமாவின் தம்பி. பெங்களூரில் பெரிய கம்பெனியில் சிஸ்டம் வேலை பார்த்தவன், ஊரோடு வந்துவிட வேண்டும் என்று இரண்டு பிள்ளைகளையும் சிதம்பரத்தில் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்து நின்றான். லீமா சொன்னாள் என்று நானே டைரக்டர் மேடத்திடம் அழைத்துப்போய், நல்ல பையன் என்று சொல்லி, எனக்குக் கீழே வேலைக்குச் சேர்த்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று இரண்டாம் வாரமே தோன்றிவிட்டது.

அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் பிரச்சினை. பிரிண்டர் நின்றால் பதினைந்து வருடமாக என்னைக் கூப்பிட்டவர்கள், "பிலா சார் இருக்காரா?" என்று என் மேசையைத் தாண்டிப் போனார்கள். போகும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. மேடம் எனக்கு அனுப்பும் மெயில்களில் அவன் பெயரைச் சேர்த்தார். பிறகு அவனுக்கு அனுப்பும் மெயில்களில் என் பெயரைச் சேர்த்தார். வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றால்கூட லீமா, "இருங்க, தம்பி வரட்டும்" என்றாள். முப்பது வருடம் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டியவன் நான்.

அவனுக்குப் பயனர் கணக்குத் திறந்து கொடுக்க வேண்டிய நாளில் நான் செய்த காரியம் சின்னது. பட்டியலின் கடைசியில் புது எண் ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. வேலையை விட்டுப் போன ஒரு டைப்பிஸ்ட் அம்மாவின் எண் காலியாக இருந்தது. அடுத்தவர் விட்டுப்போனதைப் போட்டுக்கொள்ளட்டும் என்று அதைக் கொடுத்தேன். அது ஆயிரத்து ஆறு. கடலூரில் அது என் எண் என்பது அப்போது நினைவில் இல்லை. நினைவு வந்திருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சேர்ந்த மூன்றாம் மாதம் அவன் ஒரு மீட்டிங்கில் கடலூர் டிஸ்க்கை சிதம்பரம் சர்வரில் மவுண்ட் செய்து, அதாவது இங்கிருந்தே திறக்கும்படி இணைத்து, திரையில் போட்டுக் காட்டினான். கடலூரில் மண் பரிசோதிக்கும் பெண் எழுதிய கோப்பு, சிதம்பரத்தில் வாட்ச்மேன் பெயரில் தெரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெண்டு ஊருக்கும் ஒரே பட்டியல் வச்சிடலாம் மேடம். அது முடியற வரைக்கும், மவுண்ட் பண்ணும்போதே இந்த ஊரு நம்பரு அந்த ஊருல யாருன்னு ஒரு மேப்பிங் குடுத்துடலாம். ஒரு வார வேலைதான்" என்றான்.

மேடம் என்னைப் பார்த்தார். யோசனை நல்ல யோசனை, எனக்கே தெரிந்தது. எனக்கு ஏன் பத்து வருடம் முன்பே தோன்றவில்லை என்பதுதான் உள்ளே அறுத்தது.

"பதினஞ்சு வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு மேடம். ஓடுற வண்டிய நிறுத்தி எதுக்கு டயர் மாத்தணும்? இவரு வந்து மூணு மாசம்தான ஆவுது, போகப் போகப் புரிஞ்சிடும்" என்றேன்.

மேடம் சிரித்துக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். வெளியே வந்ததும் பிலவேந்திரன் என்னிடம், "சரி மாமா, ஒங்க இஷ்டம். ஆனா என்னைக்காவது ஒரு நாளு தப்பான ஆள புடிச்சிடப் போறோம்" என்றான். எனக்குப் பாடம் எடுக்கிறான் என்று அதற்கும் கோபம் வந்தது.

அடுத்த மாதம் கடலூரில் தண்ணீர் பரிசோதனைக்குப் புதுக் கருவி வந்தது. அது ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை அளக்கும். முதல் அளவும் மறு அளவும் ஒரே கோப்பில் இருக்கும், நடுவில் ஒரு வெற்று வரி. கருவி எழுதிய அந்த மூலக் கோப்புகளை யாரும் தொடக்கூடாது. தொட்டவருக்கு வேலை இல்லை. நம் தொழிலில் இது கற்பு மாதிரி என்று மேடம் சொல்லுவார்.

கருவி வந்து ஆறு வாரம் கழித்து, தரத் தணிக்கைக்கு ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. திங்கட்கிழமை வருகிறார்கள். அதற்கு முந்தின வியாழக்கிழமை மேடம் கடலூர்க் கோப்புகளை சிதம்பரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், முகம் வெளுத்து என்னைக் கூப்பிட்டார்.

"மறு அளவு ஒண்ணுமே இல்லியே. எல்லாக் கோப்புலயும் பின்பாதியக் காணோம். பிடிக்காத ரீடிங்க யாரோ வெட்டி எடுத்த மாதிரி இருக்கு. யாரு கை வச்சதுன்னு பாருங்க."

என் மேசைக்கு வந்து பட்டியல் போட்டேன். வெட்டப்பட்ட கோப்புகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், காலை ஒன்பதரைக்கு, ஒரே நிமிடத்தில் மாற்றப்பட்டிருந்தன. உரிமையாளர் என்ற இடத்தில் வரிக்கு வரி ஒரே பெயர். பிலவேந்திரன்.

அந்த நிமிடத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. இனித்தது. நெஞ்சுக்குள் யாரோ விசிறிவிட்ட மாதிரி இருந்தது. ஒரே நிமிடத்தில் அத்தனை கோப்பும் மாறினால் அது கையால் செய்த வேலை இல்லை, தானாக ஓடும் ஏதோ ஸ்கிரிப்ட் என்பது எந்தக் கற்றுக்குட்டிக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஸ்கிரிப்ட் எழுதி வெட்டியிருக்கிறான், கெட்டிக்காரன்தானே என்று அதையும் அவன் கணக்கிலேயே சேர்த்தேன். கடலூர்க் கோப்பின் பெயர் சிதம்பரத்தில் மாறித் தெரியும் என்பதை அவனே எல்லோர் முன்னாலும் காட்டியிருந்தான். வேறு யார் பெயர் வந்திருந்தாலும் அது எனக்கு உடனே ஞாபகம் வந்திருக்கும்.

மேடம் ஒரு முறை கேட்டார். "உங்க சொந்த மச்சானாச்சே. நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றீங்களா?"

"நம்பர் பொய் சொல்லாது மேடம்."

"சொந்தக்காரன்னு பாக்காம சொன்னீங்க. இந்த நேர்மைக்காகத்தான் உங்கள வச்சிருக்கேன்" என்றார் அவர். பல மாதம் கழித்து மேடத்தின் வாயிலிருந்து எனக்கு வந்த பாராட்டு அது. கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

பிலவேந்திரனைக் கூப்பிட்டார்கள். அவன் திரையைப் பார்த்தான். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"பேரு இல்லாம நம்பரா போட்டுப் பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன். ஆயிரத்து ஆறு. ஒன் நம்பர்தான்" என்றேன். பார்த்திருந்தேன், அது பொய் இல்லை. எந்த ஊர் ஆயிரத்து ஆறு என்றுதான் பார்க்கவில்லை.

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு "சரி" என்றான். மேடம் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை தணிக்கைக்காரர்கள் உள்ளே வருவதற்குள் ராஜினாமாக் கடிதம் மேசைமேல் இருக்க வேண்டும் என்று சொல்லி, அவனுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் லீமாவிடம் நானாகத்தான் சொன்னேன். தம்பி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"எப்ப வெட்டுனானாம்?"

"ஞாயித்துக்கெழம. காலைல ஒம்போதரைக்கு."

"எந்த ஞாயிறு?"

"ஆறு ஞாயிறும்."

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கெழம ஒம்போதரைக்கி அவன் பூசையில இல்ல இருப்பான்? போன வாரம் ஒம்போதரைக்கி அவன் மைக்கு முன்னாடி நின்னு மொத வாசகம் படிச்சான். நீங்க எம்பக்கத்துல ஒக்காந்து, உச்சரிப்பு சரியில்ல, உச்சரிப்பு சரியில்லன்னு மொனகிக்கினே இருந்தீங்க. ஃபாதரே திரும்பிப் பாத்தாரு."

ஸ்கிரிப்டை நேரம் குறித்து ஓடவிட்டிருப்பான் என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு ஒங்க கம்ப்யூட்டர் தெரியாது" என்றாள். "ஒங்களத் தெரியும். அவன் வந்த நாள்லேந்து நீங்க ஒழுங்கா சோறு துன்னல. நேத்துதான் ரெண்டாந்தரம் வாங்கித் துன்னீங்க."

கீரையை மறுபடி எடுத்துக்கொண்டாள். நேரம் குறித்து ஓடும் ஸ்கிரிப்ட், ஞாயிறு, ஒன்பதரை. இந்த மூன்றையும் நானே என் வாயால் சொல்லிக் கேட்டபோது, இதைப் போல ஒன்றை எப்போதோ நானே எழுதிய ஞாபகம் லேசாக எட்டிப் பார்த்தது.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கடலூர் போனேன். இங்கிருந்தே கடலூர் சர்வருக்குள் நுழைந்து பார்த்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை. பார்க்கப் பயந்துதான் பஸ் ஏறினேன். கடலூருக்குச் சற்று முன்னால் குடிகாடு வரும்வரை, வேறு யாராவது ஒருவர் பெயர் அங்கே இருக்க வேண்டும் என்று ஜெபம் செய்துகொண்டே போனேன். யார் பெயராக இருந்தாலும் சரி என்று இருந்தது எனக்கு. அவ்வளவு மோசமான ஜெபத்தை நான் அதற்குப் பின் செய்ததில்லை.

கடலூர் சர்வர் முன்னால் உட்கார்ந்து அதே பட்டியலைப் போட்டேன். வரிக்கு வரி என் பெயர் வந்தது.

என் கணக்கில் ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது. பதினாறு வருடத்துக்கு முன் நான் எழுதியது. அப்போதிருந்த பழைய கருவி, அளவுகளை எழுதி முடித்ததும் ஒரு வெற்று வரி விட்டு, அதன் கீழே அர்த்தமில்லாத குப்பையைக் கொட்டும். வெற்று வரிக்குக் கீழே உள்ளதை வெட்டியெறிந்து, கோப்பை என் எண்ணிலேயே புதிதாக எழுதிவைக்கும்படி செய்து, ஆள் இல்லாத ஞாயிறு காலை ஒன்பதரைக்கு ஓடும்படி வைத்திருந்தேன். வைத்துவிட்டு சிதம்பரம் போனவன் அதை மறந்தே போனேன். புதுக் கருவியின் கோப்பில் வெற்று வரிக்குக் கீழே இருந்தது குப்பை இல்லை, மறு அளவு. ஸ்கிரிப்டுக்கு அது எப்படித் தெரியும்? அதன் முதல் வரியில் ஒரு குறிப்பு எழுதி, கீழே என் பெயரையும் போட்டிருந்தேன். "இதை யாரும் தொட வேண்டாம்."

முதல் வேலையாக அதை நிறுத்தினேன். அடுத்து ஒரு யோசனை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்டை அழித்துவிட்டால் போதும், சிதம்பரத்தில் எல்லோரும் பார்த்தது அவன் பெயரைத்தான். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருந்தது. அழிக்கும் கட்டளையைத் தட்டியும் விட்டேன். எண்டர் தட்டவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. ஆறு ஞாயிறும் அவன் பூசையில் இருந்தது லீமாவுக்குத் தெரியும், அவள் அதை மறக்கப்போவதில்லை.

அன்று மாலையே பிலவேந்திரன் வீட்டுக்குப் போனேன். சின்னப் பெண்ணின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் மாமா" என்றான்.

"என்னா தெரியும்?"

"அன்னைக்கி மீட்டிங்குக்காக ரெண்டு ஊரு பட்டியலயும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்தேன் இல்ல? கடலூரு ஆயிரத்து ஆறு நீங்கதான்னு அப்பவே தெரியும்."

"அப்பறம் ஏன்டா வாயத் தொறக்கல?"

"தொறந்தா நீங்க வீட்டுக்குப் போவணும். கடைசி வருஷத்துல இந்தப் பேரோட போவணும். எனக்கு வயசு இருக்கு, வேற எங்கியாவது கெடைக்கும். அப்பறம் அக்கா மூஞ்சில நான் எப்புடி முழிக்கிறது?" செயினை இழுத்து மாட்டிவிட்டுச் சொன்னான். "நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கல மாமா."

கண்ணில் நீர் வந்திருக்க வேண்டிய இடம் அது. எனக்கு வந்தது எரிச்சல். பெருந்தன்மையிலும் என்னை முந்திக்கொண்டானே என்று தோன்றியது. நான் சொல்ல மாட்டேன் என்று அவன் என்னை எடை போட்டு வைத்திருந்தது அதைவிடச் சுட்டது. அந்தச் சூட்டில்தான் திங்கட்கிழமை காலை மேடத்தின் அறைக்குள் போனேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். சில நல்ல காரியங்களை வீம்பும் செய்து வைக்கிறது.

ஸ்கிரிப்ட், பழைய எண்ணை அவனுக்குத் தூக்கிக் கொடுத்தது, மேப்பிங் வேண்டாம் என்று தடுத்தது, மூன்றையும் சொன்னேன். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நம்பர் பொய் சொல்லாதுன்னீங்க."

"நம்பர் சரியாத்தான் இருந்திச்சு மேடம். நான்தான் எனக்கு வேண்டிய பேரப் படிச்சேன்."

அவர் என்னைப் பார்க்காமல் பிலவேந்திரனுக்கு ஃபோன் போட்டார். அவன் பதினைந்து நிமிடத்தில் வந்தான். சேர்ந்த நாள் முதலே தினம் மாலை மூலக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்திருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் தடுத்திருப்பேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதிலிருந்து மறு அளவுகள் அத்தனையும் திரும்ப வந்தன. வெட்டுப்பட்ட கோப்புகளை அழிக்காமல் தனி ஃபோல்டரில் வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதி, தணிக்கைக்காரர்களிடம் மேடமே காட்டினார்.

சர்வர் அறைச் சாவி அன்றே அவன் கைக்குப் போனது. என் கடைசி வருடத்தை என் மச்சானுக்குக் கீழே வேலை பார்த்துக் கழித்தேன். இரண்டு ஊருக்கும் ஒரே பட்டியல் கொண்டுவந்தான். ஒரு வாரம் என்று சொன்னவன் நான்கே நாளில் முடித்தான், அதற்கும் எரிந்தது. பழைய டிஸ்க்குகளுக்கு இந்த எண் இந்த ஊரில் இன்னார் என்று மேப்பிங் எழுதினான். நீங்கள் இன்று தினமும் பயன்படுத்துவது அதைத்தான். தனக்குப் பட்டியலின் கடைசியிலிருந்து ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, ஆயிரத்து ஆறை எனக்கே விட்டான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொடுக்கக்கூடாது. ஆள் போனாலும் அவர் எண்ணில் எழுதிய கோப்புகள் எங்கோ ஒரு டிஸ்க்கில் கிடக்கும், எண்ணை வாங்கியவர் தலையில் அத்தனையும் ஏறி உட்காரும். இது எல்லா எண்ணுக்கும் பொருந்தும். ஒரு பெயரைப் பார்த்ததும் உங்களுக்கு உள்ளே இனித்தால், கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு வேறொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதுவும் மேனுவலில் இருக்காது.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போன ஞாயிறும் அவன் வாசகம் படித்தான். உச்சரிப்பு இன்னும் சரியில்லை. லீமா பக்கத்தில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

வெட்டுப்பட்ட அந்தக் கோப்புகள் இன்றும் கடலூர் டிஸ்க்கில், அந்தத் தனி ஃபோல்டரில் இருக்கின்றன. நான்கு நாள் அவை என் மச்சான் பெயரைச் சுமந்தன. நாளை உங்களில் யாராவது அவற்றைத் திறந்து யார் செய்தது என்று பார்த்தால், அங்கே என் பெயர் வர வேண்டும். ஆயிரத்து ஆறை அப்படியே விட்டுவிடுங்கள்.